கிராம சுகாதாரத்தில் கூட்டுக் கல்வி

காவிரிப் பாசனக் கழனிகளில் நடவும் களையெடுப்பும் நடைபெறும் நாட்களில், சேற்றில் இறங்கி உழைக்கும் ஆணும் பெண்ணும் ஓர் அபாயத்தின் நடுவிலேயே வேலை செய்கின்றனர். வரப்பு வளைகளிலும் வைக்கோற் போர்களிலும் எலியைத் தேடி வரும் நச்சுப் பாம்பே அவ்வபாயம். பாம்பு கடித்தவரைப் பிழைக்க வைக்கும் மருந்து இன்று நம்மிடம் உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அது இலவசமாகவே அளிக்கப்படுகிறது. அப்படியிருந்தும் உயிர்கள் வீணே போகின்றன.

2001 முதல் 2003 வரை நிகழ்ந்த மரணங்களைக் கொண்டு நாடு முழுவதற்கும் செய்யப்பட்ட ஆய்வொன்று, ஆண்டுதோறும் சுமார் 46,000 பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என்று கணித்தது. அவர்களில் நூற்றுக்கு 97 பேர் கிராமவாசிகள். நூற்றுக்கு 77 பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே உயிர் நீத்தவர்கள். பின்னர் 2000 முதல் 2019 வரையுள்ள காலத்திற்குச் செய்யப்பட்ட கணிப்பு, இத்தொகையை ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று உயர்த்திக் காட்டிற்று.

மருந்து உண்டு, டாக்டர் உண்டு, வண்டி உண்டு. எனினும் மரணம் குறையாததற்குக் காரணம் என்ன? கடித்த இடத்திற்கும் மருந்து இருக்கும் இடத்திற்கும் நடுவே பல கைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் தன் வேலையைத் தனியே கற்றிருக்கிறது; அடுத்த கைக்கு எதை, எவ்வாறு ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒருவரும் சேர்ந்து கற்றதில்லை. இக்குறையைப் போக்க இரண்டு வழிகள் உலகெங்கும் கையாளப்படுகின்றன. ஒன்று, பல தொழிலார் கூடிக் கற்றல். மற்றொன்று, ஆசிரியர் தொலைவில் இருந்தபடியே போதித்தல். இவ்விரண்டையும் இணைத்து நம் கிராமங்களில் கையாளுவது எங்ஙனம் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயப் பெருமக்களுக்கும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நோயாளி, பல கைகள்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், வைத்தியத்தை நான்கு பகுதியாகப் பிரிக்கிறது. நோயாளி, வைத்தியர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து உதவுபவரையும் சேர்த்தே அது எண்ணுகிறது. வைத்தியர் ஒருவரால் மட்டும் வைத்தியம் நிறைவு பெறாது என்ற உண்மையை வள்ளுவர் அன்றே கண்டிருந்தார். இன்று அந்த ‘அருகிருந்து உதவுபவர்’ ஒருவரல்லர், பத்துப் பேர். பாம்புக் கடியையே எடுத்துக்கொண்டு, அவர்கள் யார் யார் என்று பார்ப்போம்.

முதற் கை, உடன் வேலை செய்பவருடையது. கடிபட்டவரைத் தேற்றி, அசையாமல் இருக்கச் செய்து, மோதிரம், மெட்டி, கொலுசு முதலியவற்றைக் கழற்றி, எலும்பு முறிந்த காலுக்குக் கட்டுவது போல ஒரு மூங்கிற் பட்டையோ பலகையோ வைத்து, கடிபட்ட உறுப்பு ஆடாமல் கட்ட வேண்டியது அவர் கடமை. கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீமையே விளைக்கும். கடிபட்டவரை நடக்கவும் விடலாகாது. பாம்பை அடித்துப் பிடித்துக்கொண்டு செல்ல வேண்டியதில்லை. அம்முயற்சியில் இரண்டாவது ஆளும் கடிபடுவதுண்டு.

இரண்டாவது கை, ஊரிலுள்ள விஷக்கடி வைத்தியருடையது. பலர் முதலில் நாடிச் செல்வது அவரையே. அவர் நோயாளியை ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தால் அந்த ஒரு மணி நேரம் திரும்ப வாராது. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தால், அவரும் உயிர் காத்தவர்களில் ஒருவராகிறார்.

மூன்றாவது கை, கிராம சுகாதார நர்ஸ். நான்காவது, 108 வண்டியில் வரும் மருத்துவ உதவியாளரும் வண்டி ஓட்டுபவரும். தமிழ்நாட்டில் 108 வண்டிகள் 2008ஆம் ஆண்டு முதல் ஓடுகின்றன. கடித்த நேரம், கண் இமை தாழத் தொடங்கிய நேரம், கயிறு கட்டப்பட்டிருந்தால் அது கட்டிய நேரம் ஆகியவற்றை இவர்கள் கேட்டறிந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். இறுகக் கட்டிய கயிற்றை வழியிலேயே சட்டென்று அவிழ்த்துவிட்டால், தேங்கி நின்ற விஷம் ஒருங்கே உடலில் பரவக்கூடும். டாக்டர் முன்னிலையில், மருந்து ஆயத்தமான பிறகே அதை அவிழ்த்தல் முறை.

ஐந்தாவது கை, இரத்தம் சோதிப்பவர். விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது. ஆகையால், நோயாளியின் இரத்தம் சிறிது எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிஷம் வைத்துப் பின் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று கொள்வர். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்கு வேண்டா. ஆனால் சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் பிளாஸ்டிக் குழாயிலும் நல்ல இரத்தங்கூடச் சரிவர உறைவதில்லை. எனவே குழாயைக் கழுவி வைக்கும் ஊழியர் இந்தச் செய்தியை அறியாவிட்டால், டாக்டரின் தீர்ப்பே பிழையாகிவிடும். அந்த ஊழியரைப் பயிற்சி வகுப்புக்கு அழைப்பவர் எத்தனை பேர்?

ஆறாவது கை, மருந்துக் கிடங்கைக் காப்பவர். விஷமுறிவு மருந்தின் குப்பிகள் எத்தனை உள்ளன, எப்போது காலாவதியாகின்றன என்பதை அறிந்து, தீரும் முன்பே கேட்டுப் பெற வேண்டியவர் அவர். முதல் தடவையிலேயே பத்துக் குப்பிகள் தேவைப்படலாம். சிறு பிள்ளைக்கும் பெரியவருக்கும் அளவு ஒன்றே. ஏனெனில், பாம்பு ஆளின் பருமனைப் பார்த்து விஷத்தைக் குறைத்துச் செலுத்துவதில்லை. ஏழாவது கை, ஆஸ்பத்திரி நர்ஸ். மருந்து ஏறும்போது உடலில் தடிப்பு, மூச்சுத் திணறல் ஆகிய ஒவ்வாமைக் குறிகள் தோன்றுகின்றனவா என்று கண்கொட்டாமல் கவனிப்பவர் அவரே. எட்டாவதாக டாக்டர் வருகிறார். கண்ணாடி விரியன் கடியால் சிறுநீரகம் பழுதுபட்டால், பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பும் வேண்டியிருக்கும்.

கட்டுவிரியன் கடி மற்றொரு பாடம். அது பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குபவரைக் கடிக்கிறது. வலியும் வீக்கமும் அதிகமிராது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பவருக்கு இமை தாழ்ந்து, பேச்சுக் குழறி, மூச்சு நின்றுபோகலாம். காலையில் வயிற்று வலி என்று வருபவரைப் பார்த்தவுடன், ‘இரவு எங்கே படுத்திருந்தீர்?’ என்று கேட்கத் தெரிந்த நர்ஸ் ஒருவர் இருந்தால், ஓர் உயிர் பிழைக்கும்.

தனித்தனிப் பள்ளி, ஒரே நோயாளி

டாக்டர் மருத்துவக் கல்லூரியில் பயில்கிறார். நர்ஸ் வேறொரு பள்ளியில் பயில்கிறார். மருந்தாளருக்கும் இரத்தம் சோதிப்பவருக்கும் அவரவர் பாடசாலைகள். வண்டி உதவியாளருக்குக் குறுகிய காலப் பயிற்சி. கிராமத்தாருக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. படித்து முடித்தபின், ஒரே நோயாளியின் கட்டிலருகில்தான் இவர்கள் முதன்முதலாகச் சந்திக்கின்றனர்.

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்போர் முன்னே. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவோர் கீழே. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இழுப்பவர் குறிப்பைக் கட்டை போடுபவரும், கட்டை போடுபவர் தேவையை இழுப்பவரும் அறிந்திருப்பதால்தான் அத்தனை பெரிய தேர் வீதி முனையில் திரும்புகிறது. வடம் பிடிப்பவர் கட்டை போடும் தொழிலைக் கற்க வேண்டுவதில்லை. கட்டை போடுபவருக்கு என்ன தேவை என்பதை அறிந்தால் போதும்.

பல தொழிலார் கூடிக் கற்றலின் கருத்தும் இதுவே. நர்ஸை டாக்டராக்குவதோ, டாக்டரை மருந்தாளராக்குவதோ இதன் குறிக்கோளன்று. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலைச் சேர்ந்தவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவர் சேர்ந்தும் கற்பதையே உலக சுகாதார ஸ்தாபனம் கூட்டுக் கல்வி எனக் குறிக்கிறது. 1988ஆம் ஆண்டிலேயே அந்த ஸ்தாபனம் இதனை வலியுறுத்தி ஓர் அறிக்கை வெளியிட்டது; 2010-இல் இதற்கெனச் செயல்முறை வரைவையும் அளித்தது.

ஸ்வீடன் நாட்டில் லிங்க்ஷோப்பிங் என்னும் ஊரிலுள்ள பல்கலைக்கழகம் 1986 முதல் இம்முறையைக் கையாண்டு வருகிறது. அங்கு 1996-இல் ஆஸ்பத்திரியில் ஒரு பகுதியையே மாணவர்களிடம் ஒப்படைத்தனர். வைத்தியம் பயில்பவரும், நர்ஸ் தொழில் பயில்பவரும், உடற்பயிற்சி வைத்தியம் பயில்பவரும், ஆசிரியர் மேற்பார்வையில், அதே நோயாளிகளைச் சேர்ந்து கவனித்தனர். பிறகு இதனைப் பின்பற்றிப் பல நாடுகளில் இத்தகைய வார்டுகள் தோன்றின.

நம் மாநிலத்திலும் இதற்கு அடிப்படை இல்லாமலில்லை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுகாதாரத் தன்னார்வலரும், இயன்முறை வைத்தியரும், படுத்த படுக்கையாயிருப்போரைப் பேணும் நர்ஸும் அதே வீடுகளுக்குச் செல்கின்றனர். ஒரே வீட்டுக்குச் செல்பவர்கள் ஒரே வகுப்பிலும் அமர்வது இயல்பான அடுத்த படியாகும்.

ரேடியோ நெல் தந்த பாடம்

கூட்டுக் கல்வி நல்லதென்றாலும், ஒவ்வொரு கிராமத்துக்கும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் நேரில் வர இயலுமா? டெல்டாப் பகுதியில் இப்போது தஞ்சாவூரில் 1959-இல் தொடங்கிய கல்லூரியும், திருவாரூரில் 2010-இல் தொடங்கிய கல்லூரியும், நாகப்பட்டினத்தில் 2022-இல் திறக்கப்பட்ட கல்லூரியும் உள்ளன. ஆயினும் கோடியக்கரை ஓரத்துக் குக்கிராமத்திற்கு ஆசிரியர் வாரந்தோறும் செல்வது நடவாது. இங்கேதான் தொலைவழிப் போதனை துணைக்கு வருகிறது.

தொலைவிலிருந்து கற்பது தஞ்சை விவசாயிக்குப் புதிதன்று. 1960-61ஆம் ஆண்டில் நாட்டில் முதன்முதலாகத் தீவிர விவசாய ஜில்லாத் திட்டத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு ஜில்லாக்களில் தஞ்சாவூரும் ஒன்று. அந்தப் பத்தாண்டின் நடுவில், ஜப்பானிய நெல்லினத்தையும் நம் நாட்டு நெல்லினத்தையும் ஒட்டி உருவாக்கிய ஆடுதுறை 27 என்னும் குறுவை நெல் வெளியாயிற்று. அதைப் பற்றித் திருச்சி வானொலி நிலையம் இடைவிடாமல் எடுத்துச் சொல்லிற்று. விதைக்கும் முறை, உரமிடும் அளவு, பூச்சி மருந்து தெளிக்கும் நாள் எல்லாம் வானொலியில் வந்தன. ஆகவே நம் விவசாயிகள் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டு விட்டனர்.

வானொலி மட்டும் தனித்து இச்சாதனையைச் செய்துவிடவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. வானொலி சொல்லிற்று, விவசாய இலாகா விதை கொடுத்தது, கிராம சேவகர் வயலில் நின்று காட்டினார், விவசாயிகள் டீக்கடையிலும் களத்துமேட்டிலும் கூடிப் பேசித் தெளிந்தனர். குரல் தொலைவிலிருந்து வந்தது. கைப்பழக்கம் ஊரிலேயே உண்டாயிற்று.

இதே உண்மையை 1956-இல் நடந்த ஒரு சோதனையும் நிலைநாட்டியது. கனடாவில் 1941-இல் தொடங்கிய விவசாயிகளின் வானொலி மன்றங்களை முன்மாதிரியாகக் கொண்டு, யுனெஸ்கோவின் உதவியுடன், அன்றைய பம்பாய் மாநிலத்தில் 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. புனா நிலையத்திலிருந்து வாரம் இருமுறையாக 20 நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஒவ்வொரு மன்றத்திலும் சுமார் 20 பேர் கூடிக் கேட்டு, விவாதித்து, தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர். மன்றம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மன்றம் இருந்த கிராமத்தார் பெற்ற அறிவு மிகுதியாயிருந்தது. கேட்பது பாதி, கூடிப் பேசி, கேள்வி எழுப்பி, விடை பெறுவது மறு பாதி என்பது அதனால் விளங்கிற்று.

வாரந்தோறும் ஒரு சபை

இதே முறையை வைத்தியத் துறையில் செம்மையாக அமைத்தவர், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் டாக்டர் சஞ்சீவ் அரோரா. நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி நோயால் வருந்தியவர்கள், அவருடைய பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் இடம் பெற எட்டு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அநேகர் தொலைதூரக் கிராமத்தார். 2003-இல் அவர் ஒரு புது வழி கண்டார். 16 ஊர்களின் வைத்திய நிலையங்களிலும் 5 சிறைச்சாலைகளிலும் பணிபுரிந்தோரை வாரம் ஒருமுறை திரைவழியே ஒரு சபையாகக் கூட்டினார். சிறப்பு வைத்தியரோடு மருந்து நிபுணரும் மனநல வைத்தியரும் அமர்ந்தனர். ஊர் வைத்தியர் ஒவ்வொருவரும் தம் நோயாளி ஒருவரின் நிலையை, பெயர் சொல்லாமல், விவரிப்பார். எல்லோரும் சேர்ந்து ஆராய்வார்கள். சபையில் பேசப்பட்ட ஒருவருடைய நோய், மற்ற இருபது ஊர்களுக்கும் பாடமாயிற்று.

407 நோயாளிகளை வைத்துச் செய்த ஒப்பீட்டின் முடிவு 2011-இல் வெளியாயிற்று. பல்கலைக்கழகத்தில் வைத்தியம் பெற்றவர்களில் நூற்றுக்கு 57.5 பேருக்கும், கிராம நிலையங்களில் பெற்றவர்களில் நூற்றுக்கு 58.2 பேருக்கும் நோய்க்கிருமி நீங்கியது. கிராமத்தில் கிடைத்த வைத்தியம் பல்கலைக்கழக வைத்தியத்துக்குச் சிறிதும் குறையவில்லை. இந்தச் சபை முறை பிறகு பல நாடுகளில் பரவிற்று. நம் நாட்டில் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிலையம் வெளி மாநிலத்து ஊழியர்களைப் பயிற்றுவிக்க இதனைக் கைக்கொண்டது.

திரைவழிக் கல்வி நம் டெல்டாவுக்கும் முன்பே வந்ததுண்டு. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்த கிராம வள மையங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்கள் செயற்கைக்கோள் வழியே சென்னையுடன் இணைக்கப்பட்டன. விவசாயம், சுகாதாரம், கல்வி ஆகிய மூன்றும் ஒரே திரையில் கிடைக்க வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். 2020-இல் கோவிட் நோய் பரவிக் கல்லூரிகள் மூடப்பட்டபோது வைத்திய மாணவரும் நர்ஸ் மாணவரும் பல மாதங்கள் திரைவழியே பாடம் கேட்டனர். 2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி என்னும் மத்திய அரசாங்கத் திட்டத்தின் மூலம், துணை சுகாதார நிலையத்திலிருந்தே தொலைவிலுள்ள டாக்டருடன் பேச வழி ஏற்பட்டது. 2025-க்குள் 30 கோடிக்கு மேற்பட்ட ஆலோசனைகள் அவ்வாறு நடந்துள்ளன. திரையின் மறுபுறமுள்ள டாக்டர் மருந்தை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் சொல்வாராயின், அருகிலுள்ள நர்ஸுக்கு ஒவ்வோர் ஆலோசனையும் ஒரு பாடமாகும்.

நம் ஊரில் வகுப்பு எப்படி அமையலாம்?

மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் போதும். முதற் கால் மணி நேரம் திரையில் ஆசிரியர் ஒரு பொருளை விளக்கலாம். அடுத்த இருபது நிமிஷம், அவ்வட்டாரத்தில் மெய்யாக நடந்த ஒரு நிகழ்ச்சியை, பெயரும் ஊரும் கூறாமல், எடுத்துக்கொண்டு ஆராயலாம். ‘எந்த இடத்தில் நேரம் போயிற்று? யார் யாரிடம் எதைச் சொல்லத் தவறினர்?’ என்பதே கேள்வி, ‘யார் குற்றவாளி?’ என்பதன்று. எஞ்சிய நேரம் கைப்பழக்கத்திற்கு. பலகை வைத்துக் கட்டுதல், நோயாளியை ஒருக்களித்துக் கிடத்தித் தூக்குதல், மூச்சுப் பை அழுத்துதல் ஆகியவை திரையைப் பார்த்து வருவனவல்ல; கையால் செய்தே பழக வேண்டும். அதற்கு ஊரிலேயே ஒரு பயிற்றுநர் இருத்தல் அவசியம்.

பாடப் பொருளையும் நம் விவசாயப் பருவத்தை ஒட்டியே வகுத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசியில் வெயில் தாக்குதலும் நீர் வற்றுதலும். மேட்டூர் அணை திறந்து குறுவை தொடங்கியபின், பூச்சி மருந்து தெளிப்பவருக்கு நேரும் நச்சு. சம்பா நடவிலும் களையெடுப்பிலும் பாம்புக் கடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த சேற்று நீர், காலிலுள்ள வெடிப்பு வழியே உடலிற் புகுவதால் அது வருகிறது. தை அறுவடை ஓய்ந்தபின் நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். பொருள் மாறினாலும் முறை ஒன்றே.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

1. வட்டார மருத்துவ அதிகாரியைக் கலந்துகொண்டு, மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒருவரை மாதம் ஒருமுறை திரைவழிப் போதனைக்கு ஏற்பாடு செய்யும்படி எழுத்து மூலம் கோரலாம்.

2. பஞ்சாயத்துக் கட்டிடத்திலோ பள்ளியிலோ ஓர் அறை, ஒரு திரை, நல்ல ஒலிபெருக்கி, மின்சாரம் தடைப்பட்டால் உதவும் மாற்று ஏற்பாடு ஆகியவற்றை ஆயத்தம் செய்யலாம். இணைப்பு சரியில்லாத ஊர்களில், முன்கூட்டியே பதிவு செய்த பாடத்தைப் போட்டுக் காட்டிப் பின்னர்த் தொலைபேசியில் கேள்வி கேட்கலாம்.

3. அழைப்பு அனுப்பும்போது ஒருவரையும் விட்டுவிடலாகாது. நர்ஸும் மருந்தாளரும் மட்டுமல்லாமல், குழாய் கழுவும் ஊழியர், 108 வண்டியார், அங்கன்வாடிப் பணியாளர், விஷக்கடி வைத்தியர், டிராக்டரும் ஆட்டோவும் ஓட்டுவோர், நடவுக் குழுத் தலைவி ஆகியோரையும் அழைக்க வேண்டும். வேலை நாளில் கூலி இழப்பு நேராதவாறு மாலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

4. கிராம சுகாதார, துப்புரவு, ஊட்டச்சத்துக் குழு இவ்வகுப்பின் பொறுப்பை ஏற்கலாம். எழுந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி ஆசிரியருக்கு அனுப்பி, அடுத்த மாதம் விடை வந்ததா என்று பார்ப்பது குழுவின் கடமையாக இருக்கட்டும்.

5. தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாட்களில் கூடுகிறது. நடவுப் பருவத்துக்கு முன் வரும் சபையில் பத்து நிமிஷம் ஒதுக்கி, பாம்புக் கடிக்கு முதலுதவியைச் செய்து காட்டலாம்.

6. வகுப்பால் பயன் விளைந்ததா என்று கணக்குப் பார்க்க வேண்டும். கடித்த நேரம், ஆஸ்பத்திரி சேர்ந்த நேரம், கயிறு கட்டப்பட்டதா என்னும் மூன்றை மட்டும் குறித்து வந்தால், ஓராண்டில் உண்மை விளங்கும். தமிழ்நாட்டில் 2024 நவம்பர் முதல் பாம்புக் கடி, ஆஸ்பத்திரிகள் அரசாங்கத்துக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒன்றாக்கப்பட்டிருப்பதால், கணக்கு எடுப்பது எளிதாயிற்று.

இடையூறுகளும் அவற்றைக் கடத்தலும்

இவ்வேற்பாட்டில் இடையூறுகள் இல்லாமலில்லை. டாக்டர் இருக்கும் அறையில் துப்புரவு ஊழியர் வாய் திறப்பது எளிதன்று. ஆனால் சோப்புத் தூள் விஷயம் அவருக்குத்தான் தெரியும். ஆதலின் வகுப்பை நடத்துபவர், பதவியில் இளையவரை முதலிற் பேசச் சொல்லி, மூத்தவரை இறுதியிற் பேசச் செய்தல் நலம். இரண்டாவதாக, கிராம சுகாதார நர்ஸுக்கு ஏற்கெனவே பதிவேடுகள் மிகுதி. இவ்வகுப்பு அவருக்கு இன்னொரு பதிவேட்டைச் சுமத்துவதாக இருக்கக் கூடாது. இதை அவருடைய பயிற்சி நேரமாகவே கணக்கிட வேண்டும். மூன்றாவதாக, 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயலுக்குப் பின் பல நாட்கள் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாதிருந்ததை நாம் அறிவோம். கம்பியும் திரையும் இல்லாத வேளையில் உதவுவது, முன்பே கூடிப் பழகிய கைகளே. அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதற்குத்தான் திரை. திரைக்காக வகுப்பு அன்று.

2024 மார்ச்சில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட செயல்திட்டம், பாம்புக் கடி மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று குறிக்கோள் வகுத்திருக்கிறது. தலைநகரத்தில் வகுத்த குறிக்கோள் களத்துமேட்டில்தான் நிறைவேற வேண்டும். கடிபட்ட ஒருவர் வரப்பில் விழுந்த அந்த நிமிஷத்தில் அவர் அருகே நிற்பவர் டாக்டர் அல்லர். உடன் நாற்று நட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணியே. அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்து, அவர் சொல்லி அனுப்பும் செய்தி வண்டி, நர்ஸ், சோதனை அறை, டாக்டர் என்று கைக்குக் கை சிதையாமல் சென்று சேருமானால், மருந்து தன் வேலையைச் செய்யும். வானொலியில் கேட்டதைக் கூடிப் பேசிக் கழனியில் நெல்லாக விளைத்துக் காட்டிய நம் விவசாய மக்கள், அதே கூட்டுறவால் உயிரையும் காத்துக் காட்டுவார்கள் என்பதில் ஐயமில்லை. வரும் சம்பா நடவுக்கு முன்பே ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் முதல் வகுப்பைக் கூட்டுவதாக.